கோதுமை இல்லாமல் கோட்டைவாசல் ஏற்றம்

செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. எல்லை அப்போது இங்கேதான். பிறகு எல்லை மேற்கே மலையில் இருக்கும் கோட்டைவாசலுக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லாருக்கும் நினைவு வருவது பரோட்டா. பதினைந்து வருஷம் வாரத்துக்கு நாலு நாள் அந்தப் பரோட்டாவைச் சாப்பிட்டேன். ஞாயிறு காலையில் நீண்ட தூரம் ஓடுகிறவனுக்குச் சனி இரவு அதுதான் நல்ல சாப்பாடு என்று முழுசாக நம்பினேன்.

அதை விட்டதும், விட்ட பிறகும் உடம்பு சரியாகாததும், எங்கே கசிகிறது என்று வீட்டைத் துழாவியதும், கடைசியில் 32 கி.மீ. ஓட வேண்டிய தீனியை எங்கள் அடுப்பிலேயே செய்துகொண்டதும்தான் இந்தப் பதிவு. மொத்தம் பதினோரு மாதம் ஆனது.

முதலில் பழுது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக ஓட்டம் கீழே போய்க்கொண்டிருந்தது. 10 கி.மீ. ஓட 55 நிமிஷம் எடுத்தவனுக்கு 68 நிமிஷம் ஆனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் 9.2, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. ஒன்றரை வருஷம் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் எண் நகரவில்லை. ஒரு இடத்தில் "நாப்பது தாண்டியாச்சு, ஓட்டத்தைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வயிறு உப்புவதையும் ஓட்டத்தின் நடுவே ஒதுங்க இடம் தேடுவதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அது ஓடுகிற எல்லாருக்கும் உள்ளதுதான் என்று நினைத்துவிட்டேன். அங்கே ஒரு வருஷம் வீணாகப் போனது.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர்தான் வயிற்றைப் பற்றிக் கேட்டார். டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இருக்க வேண்டிய அளவைப்போல பத்து மடங்குக்கு மேல் வந்தது. அப்புறம் எண்டோஸ்கோப்பி, பயாப்சி. சீலியாக் நோய். இது அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் துண்டின் நூல்போல நிற்கிற உறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடுகின்றன. சாப்பாட்டிலிருக்கும் இரும்பை உடம்பு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உறிஞ்சுகிறது. இந்த நோயில் முதலில் அடிவாங்குவதும் அதே இடம். மாத்திரை ஏன் ஏறவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் ரத்தத்திலும் குடலிலும் தடயம் குறைந்து, நோய் இல்லை என்று முடிவு வந்துவிடலாம். இந்த நோய் இல்லாதவர்கள் ஓட்டத்துக்காகக் கோதுமையை விட வேண்டியதும் இல்லை. விட்டால் வேகம் கூடும் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். எனக்குக் கூடியது குடல் ஆறியதால்தான்.

முதல் மூன்று மாதம் எளிதாகத்தான் தோன்றியது. பரோட்டா, சப்பாத்தி, பூரி, ரவை உப்புமா, சேமியா, கேசரி, பிஸ்கட், பன், எல்லாம் போனது. காலையில் குடித்துக்கொண்டிருந்த மால்ட் பானமும் போனது; மால்ட் என்றாலே பெரும்பாலும் பார்லி. சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதால் ஃப்ரைட் ரைஸும் போனது. நமக்குத்தான் இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். மூன்றாம் மாதம் ரத்தம் கொடுத்தேன். டிடிஜி பாதியாகக் குறைந்திருந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. வியாழன், வெள்ளியில் வயிறு மறுபடி கல் மாதிரி ஆகும். ஞாயிறு 14 கி.மீ.யில் கால் நின்றுவிடும்.

சரி, எங்கேயோ கசிகிறது.

கடைக் கணக்கு நோட்டு மாதிரியே ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் வாயில் போனதெல்லாம், வலது பக்கம் வயிறும் ஓட்டமும். மூன்று வாரம் எழுதிவிட்டு என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய் காயப்பொடி டப்பாவைக் கொண்டுவந்தாள். "என்னங்க, இதைப் படிங்க." எழுத்து எறும்பு அளவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். கூட்டுப் பெருங்காயம்: கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம். முதலில் இருந்ததே கோதுமை மாவு. கட்டிக் காயத்தையும் எடுத்துப் பார்த்தோம், அதுவும் அப்படியே. சுத்தமான பெருங்காயப் பிசின் அப்படியே போட முடியாத அளவுக்குக் காரம், அதனால்தான் மாவு கலக்கிறார்கள். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று நான் விடாமல் சாப்பிட்ட ஒவ்வொன்றிலும் அது இருந்தது. அன்றைக்கே டப்பாவை அம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். இரண்டு மாதம் பூண்டையும் சுக்கையும் வைத்து ஓட்டினோம். இப்போது அரிசி மாவு சேர்த்த காயப்பொடி வாங்குகிறோம். ஒவ்வொரு முறையும் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாங்குவது.

ஆனாலும் கேழ்வரகுக் களி தின்ற மறுநாள் வலது பக்கத்தில் இன்னும் சிவப்பு மை விழுந்தது. கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. 100 கிராமில் 340 மி.கி. அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இந்த நோயில் எலும்பும் பலவீனமாகும் என்பதால் அதை விட எனக்கு மனமில்லை. அப்படியானால் குறை தானியத்தில் இல்லை, அது வருகிற வழியில்.

ஒரு சனிக்கிழமை மாவு மில்லில் போய் நின்றேன். அதுவரை பையனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு டீக்கடையில் உட்காருவதுதான் வழக்கம். மில்லில் மூன்று மெஷின். ஒன்று பச்சரிசிக்கு, ஒன்று மிளகாய் மல்லிக்கு, ஒன்று கோதுமைக்கு. கேழ்வரகு, கம்பு எல்லாம் கோதுமை மெஷினில்தான் போகிறது. எனக்கு முன்னால் ஒரு பெண் ஐந்து கிலோ கோதுமை அரைத்து முடித்தார். மெஷின் வாயில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு துணிக்குழாய் தொங்கும், மாவு பறக்காமல் இருக்க. என் டப்பாவை அதன் கீழே வைத்ததும் அண்ணாச்சி வழக்கப்படி குழாயை நாலு தட்டுத் தட்டினார். என் கேழ்வரகு இன்னும் கல்லுக்கே போகவில்லை. டப்பாவின் அடியில் அதற்குள் வெள்ளையாக ஒரு கைப்பிடி மாவு.

"அண்ணாச்சி, இது யாரோட மாவு?"

"முன்னால போனவங்களுது தம்பி. உங்களுது கடைசியில கொஞ்சம் உள்ள நிக்கும், அது அடுத்தவங்களுக்குப் போவும். ஒரு கை மாவு மாறத்தான் செய்யும்."

அதில் அவருடைய தப்பு ஒன்றும் இல்லை. ஊரில் எல்லா மில்லிலும் நடப்பதுதான். எனக்குத்தான் அது விஷம். உணவுப் பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கால் கிராம் கோதுமை மாவு சேர்ந்தாலே வரம்பு தாண்டிவிடும். என் டப்பாவில் விழுந்தது ஒரு கை. நாளைக்கு 50 மி.கி. குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே ஆறிவரும் குடல் கெடும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். காயப்பொடி சின்னக் கசிவு, இது மடை.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். காலையில் முதல் ஈடாக எனக்கு அரைத்துத் தருவதாகச் சொன்னார். கல்லுக்குள் முந்தின நாள் மாவு இருக்குமே என்று இருவரும் யோசித்தோம். கடைசியில், "வீட்டுலயே திரிச்சுக்கோங்க தம்பி, எனக்கும் மனசு கேக்காது" என்றார். அந்த வார்த்தைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அதிலிருந்து வீட்டில்தான். மிக்ஸியில் 150 கிராமுக்கு மேல் போடக் கூடாது. சூடேறி மாவு கட்டும். அரைத்து, சலித்து, கப்பியை மறுபடி போட்டு, இப்படி மூன்று சுற்று. ஒரு கிலோ கேழ்வரகுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அரைப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. கடையில் மூட்டையிலிருந்து அள்ளுகிற கரண்டி கோதுமைக்கும் இதற்கும் ஒன்றே. கேழ்வரகு கடுகு அளவு, கோதுமை அதைவிடப் பெரியது. ரவைச் சல்லடையைவிடக் கண் பெரிய சல்லடையில் சலித்தால் கேழ்வரகு கீழே இறங்கிவிடும், கோதுமை மேலே நிற்கும். முதல் முறை சலித்தபோது ஒரு கிலோவில் பதினொரு கோதுமை மணி நின்றது. அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சலித்ததைக் கழுவிக் காயவைத்து அரைப்பது.

பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்காதது, எனக்கென்று தனித் தோசைக்கல், மரக்கரண்டியை மாற்றியது, இதெல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது.

ஆறாம் மாதம் வயிறு அடங்கியது. இனி ஓட்டத்துக்கான தீனி.

கணக்கு இதுதான். ஒரு கிலோ எடை ஒரு கி.மீ. ஓட ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். நான் 64 கிலோ. 32 கி.மீ.க்குச் சுமார் 2,000 கலோரி. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு ஓட, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். கடைகளில் விற்கும், ஓடும்போது உறிஞ்சுகிற மாவுச்சத்து ஜெல் பொட்டலம் வாங்கிப் பார்த்தேன். சிலவற்றில் பார்லி மால்ட் இருந்தது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைப் பார்த்தும் பயந்தேன். அது பெயரில் மட்டும்தான் மால்ட்; பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து எடுப்பது, பயம் இல்லை. ஆனால் ஒரு ஓட்டத்துக்கு ஆறேழு பொட்டலம் வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. நம்ம ஊர்ச் சாப்பாட்டிலேயே முடியும் என்ற பிடிவாதமும் இருந்தது.

கடலைமிட்டாய் முதலில். ருசிக்குக் குறையில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியவில்லை, கடலைத் தூள் தொண்டையில் சிக்கியது. கொழுப்பு அதிகம் என்பதால் வயிற்றைவிட்டு இறங்கவும் நேரமானது. கேழ்வரகுக் கூழைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனேன். நார்ச்சத்து, 9-வது கி.மீ.யில் வயிறு பிசைந்தது. கேழ்வரகு இனி ஓடாத நாளுக்கு மட்டும். அவித்த ஏத்தம்பழம் (நேந்திரன்) நன்றாக வேலை செய்தது. நடுத்தரமான பழம் ஒன்றில் 40 கிராம் அளவு மாவுச்சத்து கிடைக்கும், உப்புத் தொட்டுக்கொண்டால் இன்னும் இதம். பையில் நசுங்குவது மட்டும்தான் குறை.

கடைசியில் வந்து நின்றது கொழுக்கட்டை. திருக்கார்த்திகைக்கு எங்கள் பக்கம் பனையோலையில் வைத்து அவிப்போம்: பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சிறுபயறு, ஏலம், சுக்கு. அதையே ஓட்டத்துக்கு மாற்றி எடுக்க ஐந்து ஈடு ஆனது. முதல் ஈட்டில் எல்லாம் அப்படியே போட்டேன்; தேங்காயின் கொழுப்பால் வயிறு கனத்தது, மூன்று மணி நேர வெயிலில் ஊசிப்போன வாடையும் வந்தது. தேங்காயை எடுத்தேன். அடுத்து பயறையும் எடுத்தேன், வாயு. உப்பைக் கூட்டினேன். இப்போதைய அளவு: பச்சரிசி மாவு 200 கிராம், கருப்பட்டி 100 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், சுக்கு கால் டீஸ்பூன். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, துணியில் பரப்பி, தொட்டால் ஈரம் ஒட்டாத பதத்தில் மிக்ஸியில் திரித்துச் சலித்து, வெறும் சட்டியில் ஆவி அடங்கும் வரை வறுக்க வேண்டும். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டியே தீர வேண்டும், மண் இருக்கும். கொதிக்கிற பாகை மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, பன்னிரண்டாக உருட்டி, தணலில் வாட்டிய வாழையிலைத் துண்டில் மடித்து அவிக்க வேண்டும். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். ஒரு கொழுக்கட்டையில் 20 கிராம் மாவுச்சத்து. அரை மணிக்கு ஒன்று.

தண்ணீருக்கு ஒரு லிட்டரில் 60 கிராம் கருப்பட்டி, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம். ஓடும்போது ரத்தம் கால்களுக்குப் போய் வயிற்றுக்குக் குறைந்துவிடும். அதனால் ஓடிக்கொண்டே சாப்பிட வயிற்றையும் பழக்க வேண்டும். நான் 12 கி.மீ. ஓட்டத்திலேயே, தேவை இல்லாதபோதும், இரண்டு கொழுக்கட்டை தின்று பழகினேன்.

வழி செங்கோட்டையிலிருந்து மேற்கே புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், அதைத் தாண்டி ஆரியங்காவுச் சாலை. புளியரை வயலில் யானை இறங்கும் நாட்கள் உண்டு என்பதால் நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்புவேன். மணல் லாரியும் காய்கறி வண்டியும் வளைவில் வரும். எதிர் வரும் வண்டி தெரிகிற பக்கமாகவே ஓடுவது. ஏறும்போது கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மேற்கே போய்க் கிழக்கே திரும்புவதுதான் எனக்குப் பிடித்தது.

கோட்டைவாசலுக்கு அப்பால் ஒரு மலையாளிச் சேட்டனின் டீக்கடை இருக்கிறது. முதல் தடவை புட்டுக் கேட்டேன். அரிசிப் புட்டுதானே, பயமில்லை என்று நினைத்தேன். எதற்கும் விஷயத்தைச் சொல்லி வைத்தேன். அவர் கையில் எடுத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டா சாரே, ஈ குற்றியில் காலத்து கோதம்பும் வெச்சதா" என்றார். அதே புட்டுக்குழாயில் காலையில் கோதுமைப் புட்டும் அவித்தாராம். நானாகக் கேட்டிருக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு போனபோது ஒரு சிரட்டையைச் சுரண்டி வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, குக்கர் மூக்கில் பொருத்தி வைத்திருந்தார். எனக்கு மட்டும் சிரட்டைப் புட்டு. மாவை விரலால் தூவி, மேலே துளித் தேங்காய் போட்டு, ஆவி மேலே வந்ததும் கவிழ்த்தார். அரைக்கோளமாக வெள்ளை வெளேர் என்று இலையில் உட்கார்ந்தது. கடலைக்கறி வேண்டாம், பழமும் சர்க்கரையும் போதும் என்றேன். சிரட்டையைக் கழுவித் தனி ஆணியில் மாட்டினார். அது இன்றும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது.

பத்தாம் மாதம் ரத்தம் பார்த்தேன். டிடிஜி இயல்பு அளவுக்குள். ஹீமோகுளோபின் 13.6, ஃபெரிட்டின் 41. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது என்பதால் டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்ததும் உதவியிருக்கும். அடுத்த மாதம் 32 கி.மீ. ஓடினேன். போக 16, வர 16, மொத்தம் 3 மணி 38 நிமிஷம். ஆறு கொழுக்கட்டை, சேட்டன் கடையில் ஒரு ஏத்தம்பழம், ஒன்றரை லிட்டர் கருப்பட்டித் தண்ணீர். கடைசி 5 கி.மீ. முதல் ஐந்தைவிட வேகம். எங்கும் ஒதுங்க வேண்டி வரவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்தபோது கண் கலங்கிவிட்டது. மனைவி ஒன்றும் கேட்காமல் மோர் கொண்டுவந்து வைத்தாள், காயம் போட்ட மோர்.

மீதி இருப்பது ஒரு சிக்கல். ஆனி, ஆடிச் சாரலில் குளிருக்குக் கொழுக்கட்டை இறுகிவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் ரப்பர். மாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அவித்த ஏத்தம்பழத்தை மசித்துச் சேர்த்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம் மெத்தென்று இருந்தது, ஆனால் வாழையிலையில் ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. சேட்டனிடம் சொன்னபோது, கும்பிளப்பம் என்கிற கேரளப் பலகாரத்தை வைத்து அவிக்கிற வயண இலையில் ஒட்டாது என்று கடைக்குப் பின்னாலிருந்து ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். வரும் சனி இரவு அதில் அவித்துப் பார்க்கப்போகிறேன்.